மாரியம்மாள் குழந்தை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் ஏதாவது சொல்லும்படி ஆபீஸில் கேட்டார்கள். நேரில் வந்து பேசினால் பாதியில் அழுதுவிடுவேன். அப்புறம் நீங்கள் எனக்குத் தண்ணீர் கொடுத்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பீர்கள், வந்த காரியம் கெட்டுப்போகும். அதனால் எழுதித் தருகிறேன். சாதனைக் கதைகள் வேண்டுமென்றால் ஆண்டறிக்கைகளைப் புரட்டுங்கள். அதில் பாதி நான் எழுதியதுதான், மற்றவர்களைப் பற்றிப் புகழ்ந்திருப்பதை மட்டும் நம்பலாம்.

நான் புள்ளியியல் படித்தவள். நம் மிஷன் ஆஸ்பத்திரியின் கிராமப் பிரிவில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்து, போன வருஷம் ஓய்வு பெற்றேன். ஊர்களில் என்னைக் கம்ப்யூட்டரம்மா என்பார்கள். நாரணாபுரம் முதல் மல்லாங்கிணறு வரை நம் நர்ஸுகள் மாதம் ஒருமுறை ஊர் ஊராகப் போய், இரண்டு வயது நிரம்பாத பிள்ளைகளை எடை போடுகிறார்கள் அல்லவா, அந்த எடைகளை வாங்கி, எந்த வீட்டுக்கு முதலில் ஓட வேண்டும் என்று லிஸ்ட் போட்டுச் சொல்வதுதான் என் வேலை. ஒரு ஜீப், ஆறு நர்ஸுகள், அறுநூற்றுச் சொச்சம் பிள்ளைகள். எல்லா வீட்டுக்கும் எல்லா வாரமும் போக முடியாது. யார் வீட்டுக்குப் போக வேண்டாம் என்று முடிவு செய்வதும் அந்த லிஸ்ட்தான். இதை மட்டும் முதல் நாளே மனசில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முன்பெல்லாம் எடை அட்டையில் அச்சடித்த கோட்டை வைத்துத்தான் பார்ப்போம். கோட்டுக்குக் கீழே போனால் மோசம், மேலே இருந்தால் சரி. ஆனால் பட்டாசு வேலைக்குப் போகும் தாய்மார்களுக்குப் பல பிள்ளைகள் பிறக்கும்போதே சின்னதாகத்தான் பிறக்கின்றன. அவை நன்றாக வளர்ந்தாலும் கோட்டுக்குக் கீழேதான் நிற்கும். கொழுகொழுவென்று பிறந்த பிள்ளை ஒன்று நோயில் இளைத்துக்கொண்டே வந்தாலும், கோட்டைத் தொடும்வரை நமக்குத் தெரியாது. எனக்கு இது வருஷக்கணக்காக உறுத்திக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு பிள்ளையையும் அதனதன் பழைய எடையோடு மட்டும் ஒப்பிட வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தது சரிதான். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அதற்காகக் கம்ப்யூட்டரில் ஒரு நிரல் எழுதினேன். நர்ஸுகளும் இதைப் படிப்பார்கள் என்றார்கள், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். ஒரு பிள்ளையின் எடைகளை எடுத்து, அது எப்படி ஏறுகிறது என்று ஒரு கோட்டைக் கணக்கிட வேண்டும். அதற்கு மாடல் என்று பெரிய பேர். அதே வேலையை அடுத்த பிள்ளைக்கும், அதற்கடுத்த பிள்ளைக்கும் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வது லூப். ஒவ்வொரு சுற்றிலும் வருகிற மாடலை எங்கேயாவது வைக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த சுற்றில் காணாமல் போய்விடும். அதை வைக்கிற அலமாரிக்கும் நிரலில் லிஸ்ட் என்றுதான் பேர். அலமாரியில் அறுநூறு டப்பா. ஒவ்வொரு டப்பாவின் மேலும் ஒரு சீட்டு, இது இன்னாருடையது என்று. எல்லாம் முடிந்ததும், எந்த டப்பாவில் கோடு ஏறாமல் படுத்துவிட்டதோ அந்தப் பிள்ளைகளின் பேர்கள் நர்ஸுகளின் போனுக்குப் போய்விடும்.

சீட்டில் என்ன எழுதுவது என்பதில்தான் என் கர்வம் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பதிவு எண் உண்டு, பதினான்கு இலக்கம். பிள்ளைகளைப் பிரித்துக் கணக்குப் போட அந்த எண்ணைத்தான் பயன்படுத்தினேன். ஆனால் டப்பாவின் மேல் ஊர்ப் பேரையும் பிள்ளையின் பேரையும் எழுதினேன். நர்ஸுகள் தேடும்போது பேரைச் சொன்னால் வந்து நிற்க வேண்டும், பிள்ளைகளைக் கைதிகள் மாதிரி எண்ணைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று ஒரு கூட்டத்தில் பிரசங்கமே செய்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். நல்ல மனசு என்று ஒருவர் சொல்ல, எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

இந்தப் பக்கத்து வழக்கம் எனக்குத் தெரியாததா? பிறந்த பிள்ளைக்கு உடனே பேர் வைக்க மாட்டார்கள். குலசாமி கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தும்போது வைப்பார்கள். மாசி வரை தள்ளும், பங்காளிச் சண்டை என்றால் அடுத்த மாசி வரை தள்ளும். எங்கள் கிறிஸ்தவ வீடுகளில் ஞானஸ்நானம்வரை பாப்பாதான், தம்பிதான். அதுவரை பதிவேட்டில் நர்ஸுகள் அம்மா பேரைப் போட்டுக் குழந்தை என்று எழுதுவார்கள். பொன்னுத்தாய் குழந்தை. ஜெபமணி குழந்தை. மாரியம்மாள் குழந்தை. ஒரே ஊரில் எத்தனை மாரியம்மாள் இருப்பார்கள் என்று என்னை எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். நிரல் எழுதும்போது மட்டும் என் புத்தி புல் மேயப் போயிருந்தது.

நாரணாபுரத்தில் அந்த வருஷம் பேர் வைக்காத பிள்ளையோடு இரண்டு மாரியம்மாள்கள் இருந்தார்கள். ஒருத்தியின் பிள்ளை பெண், ஒருத்தியின் பிள்ளை ஆண். லூப் முதலில் பெண் பிள்ளையின் மாடலைச் சரியாகவே கணக்கிட்டு, நாரணாபுரம் மாரியம்மாள் குழந்தை என்ற டப்பாவில் வைத்தது. பின்னால் ஆண் பிள்ளையின் முறை வந்தது. அதே பேர், அதே டப்பா. உள்ளே இருந்ததை எடுத்தெறிந்துவிட்டு இதை வைத்துவிட்டது. எச்சரிக்கை இல்லை, சிவப்பு எழுத்து இல்லை. சொன்ன வேலையைச் செய்தது, அவ்வளவுதான். கணக்கில் தப்பு இருந்திருந்தால் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். கணக்கு சுத்தமாக இருந்தது.

உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணிப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். எண்ணினேன். என் முதல் அதிகாரி அதில் கறார் பேர்வழி, எண்ணாமல் எதையும் மேஜையை விட்டு நகர விடமாட்டார். அந்தப் பழக்கம் என்னிடம் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த மாதம் போனதைவிட வந்தது பதினொன்று குறைவு. மூன்று முறைகூட எடை போடாத பிள்ளைகளுக்குக் கோடு வரையாமல் தாண்டிப் போ என்று நானே நிரலில் எழுதியிருந்தேன். அதனால் அந்தப் பதினொன்றும் புதிதாகப் பிறந்த பிள்ளைகளாக இருக்கும் என்று முடிவு செய்துவிட்டேன். உண்மையில் ஏழுதான் அப்படி. மற்ற நான்கும் இப்படி ஒரே பேரால் டப்பாவிலிருந்து எறியப்பட்டவை. எண்ணாமல் விட்டவளை மன்னிக்கலாம். எண்ணிப் பார்த்து, குறைகிறது என்று தெரிந்து, அதற்கு ஒரு காரணத்தையும் தானே சொல்லிக்கொண்டு நிம்மதியாகக் காப்பி குடிக்கப் போனவளை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

தீபாவளிக்கு முந்தைய பட்டாசு சீசன். அன்று காலை சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸில் கூட்டம், இந்த லிஸ்ட்டைப் பற்றி நான் பேச வேண்டும். நல்ல சேலை கட்டிக்கொண்டு ஜீப்பில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக் கடைசித் திருத்தம் செய்துகொண்டிருந்தேன். கிரேஸ் போன் செய்தாள். கிரேஸ் நாரணாபுரத்து நர்ஸ். என்னைவிட நான்கைந்து வயது இளையவள், இருபது வருஷமாக அதே தெருக்களில் நடந்தவள்.

“அக்கா, நம்ம மாரியம்மாள் பிள்ள இந்த மாச லிஸ்ட்டுல வரலையே.”

“வரலைன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம் கிரேஸு.”

“இல்லக்கா. காலைல கம்பெனி வேனுக்கு நின்னுக்கிட்டு இருந்தா. பிள்ளைய நாத்தனார்கிட்ட குடுக்கப் போனா, நான் ஒரு நிமிசம் வாங்கிப் பாத்தேன். கனமே இல்லக்கா. பால் குடிக்கையில வேர்க்குதுன்னு சொல்றா. மூச்சும் ஒரு மாதிரி இருக்கு.”

நாரணாபுரம் மாரியம்மாள் குழந்தை என்று தட்டினேன். உடனே வந்து நின்றது. கோடு ஜம்மென்று ஏறிக்கொண்டிருந்தது. போன வாரம் போட்ட எடைகூட ஏழு கிலோவுக்கு மேல்.

“எனக்கு முன்னாடி இருக்கு கிரேஸு, நல்லாத்தான் ஏறுது.”

“தூக்கிப் பாத்தேன்க்கா.”

“தூக்கிப் பாக்கதுக்கா அம்புட்டு தராசு வாங்கி வச்சிருக்கோம்? லிஸ்ட்டுல இருக்க வீட்டுக்கு முதல்ல போ தாயி. பதினெட்டு வீடு இருக்கு.”

“நீங்க சொன்னா சரிதான்க்கா” என்று வைத்துவிட்டாள். நான் சொன்னதைக் கேட்டு ஜீப் டிரைவர் சிரித்தார், நானும் சிரித்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. எந்த மாரியம்மாள் என்று ஒரு கேள்வி, புருஷன் பேர் என்ன என்று இன்னொரு கேள்வி. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. எதிரே திரையில் இருந்த கோட்டைக் காப்பாற்றுவதிலேயே குறியாக இருந்தேன், இன்னும் ஒரு மணி நேரத்தில் அதைத்தானே பத்துப் பேர் முன்னால் காட்டப் போகிறேன். கூட்டத்தில் கைதட்டினார்கள்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் கிரேஸ் மறுபடியும் போன் செய்தாள்.

“அக்கா, மாரியம்மாள் பிள்ள போயிருச்சு.”

“எந்த மாரியம்மாள்?” என்றேன். கேட்க வேண்டிய அன்றைக்குக் கேட்காத கேள்வி, அப்போது தன்னால் வாயில் வந்தது.

“வேனுக்குப் போறவக்கா. பொம்பளப் பிள்ள. சளி கட்டிருச்சுன்னு நேத்து நம்ம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்துருக்காக.”

லேப்டாப்பைத் திறந்தேன். மாரியம்மாள் குழந்தையின் கோடு ஏறிக்கொண்டுதான் இருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில் ஆண் என்று இருந்தது. அது அன்றைக்கும் அங்கேதான் இருந்தது. டப்பாக்களின் மேல் பேருக்குப் பதில் பதிவு எண்ணைப் போட்டு மறுபடி ஓட விட்டேன், இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பெண் பிள்ளையின் கோடு இப்போது வந்தது. மூன்று மாதம் ஏறி, அப்புறம் இரண்டு மாதம் தரையாகக் கிடந்தது. அந்த மாத லிஸ்ட்டில் அதன் பேர்தான் முதலாவதாக வந்திருக்கும்.

மற்ற மூன்று பிள்ளைகளின் வீடுகளுக்கும் அன்று சாயங்காலத்துக்குள் ஆள் அனுப்பினேன். மூன்றும் நன்றாகவே இருந்தன. அதற்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னேன், சொல்லும்போதே வெட்கமாகவும் இருந்தது.

பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டை இருந்ததாக நம் டாக்டர் சொன்னார். இரண்டு வாரம் முன்னால் வந்திருந்தால் என்று கேட்டேன். “மதுரைக்கு அனுப்பியிருப்பேன். பிழைச்சிருக்கும்னு எழுதித் தர முடியாது. பிழைச்சிருக்காதுன்னும் என்னால சொல்ல முடியாது” என்றார். எனக்காகப் பொய் சொல்லாத மனுஷர். அன்றைக்கு அவர் கொஞ்சம் பொய் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

கிரேஸ் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. பதிவேட்டை மேஜையில் வைத்துவிட்டு, “நான் அன்னைக்கே வேன விட்டு இறக்கித் தூக்கிட்டு வந்துருக்கணும்க்கா. என் கை சொன்னத நான் கேக்கல” என்றாள். கையை விட்டு அவள் கேட்டது என் பேச்சை. தப்பு முழுக்க என்னுடையது என்று எத்தனையோ தடவை சொன்னேன். அவள் அதில் தன் பங்கை விட்டுக்கொடுக்கவே இல்லை.

நடந்ததை அப்படியே எழுதிக் கமிட்டியில் கொடுத்தேன். வேலையை விடுகிறேன் என்றும் எழுதினேன். நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கன்னியாஸ்திரி ராஜினாமாக் கடிதத்தை மட்டும் கிழித்துக் குப்பையில் போட்டார். “எல்லா நிரலையும் உட்கார்ந்து சரி பண்ணுங்க, அப்புறம் வேணும்னா போங்க” என்றார். அந்த வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். “அந்தப் பொண்ணு உங்ககிட்ட கேட்டாளா?” என்றார். கேட்கவில்லை, ஆனால் அவளுக்குத் தெரிய வேண்டாமா என்றேன். “தெரியணும்தான். யாருக்காகச் சொல்றீங்கன்னு மட்டும் போறதுக்கு முன்னாடி யோசிங்க” என்றார். யோசித்தேன் என்று அன்றைக்கு நம்பினேன்.

பிள்ளை இறந்த ஒன்பதாம் நாள் கிரேஸோடு போனேன். வீட்டுக்குள் நுழைந்ததும் மல்லிகைப்பூ வாசம். இழவு வீட்டில் இதென்ன பூ என்று ஒரு கணம் மனசு கோணியது. அப்புறம்தான் புரிந்தது, பால் கட்டாமல் வற்றுவதற்காக மார்பில் பூ வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். மாரியம்மாளுக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். புருஷன் லோடு ஏற்றப் போயிருந்தான்.

“வாங்கம்மா, உக்காருங்க. நர்ஸக்கா, நீங்களும் உக்காருங்க. சாப்பிட்டீகளா?” என்றாள். பிள்ளை செத்த வீட்டில் எங்களைச் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாள். நான் மனப்பாடம் செய்துகொண்டு வந்தது பாதி மறந்துபோனது.

“மாரியம்மா, உங்க ஊர்ல இன்னொரு மாரியம்மாள் இருக்கா இல்ல, கைப்பிள்ளையோட? உன் பிள்ளை எடையும் அவ பிள்ளை எடையும் கம்ப்யூட்டர்ல ஒரே பேர்ல போயிருச்சு. அவ பிள்ளைது மட்டும் நின்னு, உன் பிள்ளைது அழிஞ்சுபோச்சு. அதனாலதான் எடை ஏறலன்னு எங்களுக்குத் தெரியல. கிரேஸ் என்கிட்ட கேட்டாங்க. நான்தான் நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன். தப்பு என்னோடது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

அவள் அழுவாள், கத்துவாள், என் சேலையைப் பிடித்து இழுப்பாள் என்று தயாராக இருந்தேன். உண்மையைச் சொன்னால் அதைத்தான் வேண்டியும் இருந்தேன். அவள் நெற்றியைச் சுருக்கி, சொன்னதைப் புரிந்துகொள்ளப் பார்த்தாள்.

“எதுக்கு ஒரே பேரு?”

“பேர் வைக்காத பிள்ளைன்னா அம்மா பேர எழுதிக் குழந்தைன்னு போடுவோம்.”

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். வாயைத் திறந்திருக்கக் கூடாது என்று அந்த இடத்தில்தான் தெரிந்தது.

“அப்ப பேரு வச்சிருந்தா?”

“இல்ல மாரியம்மா, அது வந்து...”

“நான் அப்பவே அத்தைகிட்ட சொன்னேன்மா. ஆஸ்பத்திரில கேக்காக, ஒரு பேரு வச்சிருவம்னு. மாசியில குலசாமிக்கு மொட்ட போடையில வைப்போம்னாக. சரின்னு நானும் இருந்துட்டேன். பேரு வச்சிருந்தா எம் பிள்ள லிஸ்ட்டுல வந்துருக்குமாம்மா?”

வந்திருக்கும். அதுதான் சரியான பதில். இருபத்தாறு வருஷ வேலையில் ஒரு எண்ணைக்கூட நான் தெரிந்து மாற்றிச் சொன்னதில்லை. “அதெல்லாம் ஒண்ணும் இல்ல, வந்திருக்காது. பேருக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல” என்றேன். இப்போதுதானே ஒரே பேரால் என்று விளக்கிச் சொன்னேன், அவள் என்ன முட்டாளா?

அவள் கிரேஸைப் பார்த்தாள். “நர்ஸக்கா, நீங்க சொல்லுங்க. வந்துருக்கும் இல்ல?”

கிரேஸ் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குப் பொய் வராது. மாரியம்மாள் எங்களை விட்டுத் திரும்பிக்கொண்டாள். “ஒரு பேரு. அம்புட்டுத்தான” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். தப்பு என்னோடது, என்னோடது என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. என் பாரத்தை இறக்கி வைக்கத்தான் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். இறக்கி அவள் தலையில் வைத்துவிட்டு வந்தேன்.

டப்பாக்களின் மேல் இப்போது எண்தான் இருக்கிறது. ஒரே எண் இரண்டாம் முறை வந்தால் நிரல் நின்றுவிடும். வெளியே வராத ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏன் வரவில்லை என்று தனித்தனியாக ஒரு வரி எழுதும். இவற்றை யாரும் மாற்ற வேண்டாம். நர்ஸ் ஒருத்தி போன் செய்து தூக்கிப் பார்த்தேன் என்று சொன்னால், லேப்டாப்பை மூடிவிட்டு முதலில் ஜீப்பை அனுப்புங்கள். தப்பு செய்தால் சொல்லத்தான் வேண்டும், ஆனால் சொல்வதற்கு முன்னால் கேட்பவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று யோசியுங்கள். நான் சொன்ன உண்மை அத்தனையும் சரி. அதை எந்த அளவு, எந்த நாளில், எந்த வார்த்தையில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

இரண்டு வருஷம் கழித்து மாரியம்மாளுக்கு நம் ஆஸ்பத்திரியிலேயே இன்னொரு பெண் பிள்ளை பிறந்தது. நல்ல எடை. உடன் போயிருந்த கிரேஸ்தான் வார்டிலிருந்து வந்து சொன்னாள். தொப்புள்கொடி அறுத்த கையோடு மாரியம்மாள் பிள்ளைக்கு ஒரு பேரைச் சொல்லி, பதிவேட்டில் எழுதச் சொன்னாளாம். குலசாமிக்குச் செய்யும் முன் பேர் வைக்கக் கூடாது என்று மாமியார் வாசலில் நின்று சத்தம் போட்டிருக்கிறாள். மாரியம்மாள் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிரேஸ் எழுதி முடித்ததும், எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னாளாம். வாசித்தாள். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாளாம்.